இடது ஓரத்தில் நிற்கும் பத்திரிகை

உன் கல்யாணப் பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. நேற்று நீ போனில் கேட்டபோது, மெஷினில் ரோலர் போய்விட்டது, சேலத்திலிருந்து ஆள் வரவேண்டும் என்று உங்கப்பா சொன்னார். அது பொய். ரோலர் நன்றாகத்தான் இருக்கிறது. இன்று காலைகூட ஒரு காதுகுத்துப் பத்திரிகை ஓட்டினோம். உன் பத்திரிகையை நிறுத்தி வைத்திருப்பவள் நான். ஏன் என்று போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், 'மீட்டிங் இருக்குதும்மா, அப்பறம் கூப்படறேன்' என்பாய். வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று பதிலாக வரும். அதனால்தான் கடிதம். 'அன்புள்ள' என்று ஆரம்பிக்க வேண்டும் என்பது பத்திரிகை அடிக்கிறவளுக்குத் தெரியாதா? அதற்காக மேலே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். எழுத இப்போது மனசு வரவில்லை. இதைக் கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு, ஒட்டாமல்தான் அனுப்பப்போகிறேன். பத்திரிகைக் கவரை நம் பக்கம் யாரும் ஒட்டுவதில்லை. வழியில் யார் எடுத்துப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை லீவுக்கு வந்து வீட்டுக் கம்ப்யூட்டரைத் திருத்திவிட்டுப் போன குடும்பங்கள் இன்னும் நாலு இருக்கும், அவர்களும் படிக்கட்டும்.

நிச்சயத்துக்கு நீ வந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. 'கடச் சாவி குடும்மா, சிஸ்டத்த ஒரு பார்வ பாத்துட்டு வாரேன்' என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பெங்களூரில் எத்தனையோ பெரிய பெரிய மெஷினைப் பார்க்கிற பிள்ளை, ராசிபுரத்தில் அம்மாவின் பழைய பெட்டியையும் பார்க்கிறானே என்று ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். நீ சாயங்காலம் வந்து, 'சூப்பரா பண்ணி வெச்சிருக்கறேன். இனி பாஸ்வேர்டு அடிக்கற வேலகூட இல்ல, ஆன் பண்ணா நேரா உள்ள போயிரும்' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். திங்கட்கிழமை காலையில் நான் ஆன் செய்தேன். நேராக உள்ளே போனது. உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு மலைப் படம், மேலே ஒரு கறுப்புப் பட்டை, நடுவில் மணி. அவ்வளவுதான். பதினாறு வருஷமாக நான் உட்கார்ந்து வேலை செய்த இடத்தை யாரோ கழுவிவிட்ட மாதிரி இருந்தது. 

உனக்கு மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, வருகிறவன் போகிறவன் பென் டிரைவிலிருந்தெல்லாம் வைரஸ் ஏறி, ஒரு ஆவணி மாதத்துப் பத்திரிகை மொத்தமும் திறக்க முடியாமல் போனது. அப்போது நீதான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாய். அதில் திரைக்கு என்றே பல டெஸ்க்டாப் உண்டாம், வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாமாம். பெட்டி பழசு என்று, பாரம் குறைந்த ஒரு டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்தாய். அதன் பெயர் எக்ஸ்எஃப்சிஇ என்று சொல்லி, என் வாயில் நுழையவில்லை என்று நாள் முழுக்கச் சிரித்தாய். ஆனால் அன்றைக்கு நீ என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாய். 'மெனு எங்க வேணும்மா? எழுத்து எவ்வளவு பெருசு வேணும்? பழைய தட்டச்சுப் பலகையே வெச்சுரட்டுமா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். நான் சொல்லச் சொல்ல மாற்றினாய். உனக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தது.

நான் திரையை எப்படி வைத்திருந்தேன் என்று நீ ஒரு நாளும் கவனித்ததில்லை. கவனித்திருந்தாலும் 'ஒரே குப்பையா கெடக்குது' என்றுதான் நினைத்திருப்பாய். திரையின் இடது ஓரத்தில் இருப்பதெல்லாம் புதிதாக வந்த வேலை. புரூஃப் கொடுத்துவிட்டால் அந்த ஃபைலைப் பிடித்து இழுத்து நடுவில் வைப்பேன். வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, பேரெல்லாம் சரி, அடிக்கலாம் என்று வாயால் சொன்னால்தான் அது வலது ஓரத்துக்குப் போகும். அச்சாகி முடிந்தால் வலது ஓரத்திலேயே கீழ் மூலை. இதற்கு நோட்டு கிடையாது, பட்டியல் கிடையாது. உங்கப்பாவுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்து தட்டத் தெரியாது. ஆனால் மெஷின் ரூம் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால், வலது ஓரத்தில் எத்தனை நிற்கிறது, இன்றைக்கு எத்தனை பிளேட் போடவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நாங்கள் இரண்டு பேரும் பேசாமலேயே ஒரு முகூர்த்த மாதத்தைத் தள்ளிவிடுவோம். வைகாசியில் எங்களுக்குள் சண்டை வந்தபோதும் வேலை நிற்காமல் ஓடியது இப்படித்தான்.

அந்தத் திங்கட்கிழமை உன்னைக் கூப்பிட்டேன். 'ஃபைலெல்லாம் எங்க சாமி?' என்றேன். நீ சிரித்தாய். 'டெஸ்க்டாப்புல ஃபைல் வெக்கறதெல்லாம் பழைய பழக்கம்மா. இப்ப போட்டிருக்கறது க்னோம்னு வேற டெஸ்க்டாப்பு. நீட்டா இருக்கும். எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள்ள பத்திரமா இருக்குது பாரு' என்றாய். திறந்து பார்த்தேன். இருந்தது. அகர வரிசைப்படி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, இடது வலது இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. 'பழசே வெச்சுக்குடு சாமி' என்றேன். 'ஒரு வாரத்துல பழகிரும்மா. நல்லதுக்குத்தான் பண்ணிருக்கறேன்' என்றாய். நானும் சரி, நமக்குத்தான் புத்திக்கு எட்டவில்லை போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு வாயை மூடியதற்காக என்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

இப்போது நாமகிரிப்பேட்டை சரசு அக்கா விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. சரசு அக்கா மகள் கல்யாணத்துக்கு நம்மிடம்தான் பத்திரிகை. அக்காவுக்கும் பரமத்தி வேலூரில் இருக்கும் அவள் அண்ணனுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கிணற்றுப் பாகத்தில் வந்த தகராறு. அதனால் முதல் புரூஃபிலும் இரண்டாவது புரூஃபிலும் அண்ணன் பெயர் இல்லை. தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகையை அடிக்க எனக்கே கை கூசியது. ஆனால் நாம் சொல்ல முடியுமா? இரண்டாவது புரூஃபைப் பார்த்து, 'இதுதானுங்க கடைசி, இனி மாத்தமில்லீங்க' என்று அக்கா சொன்னாள். நானும் அந்த ஃபைலுக்கு 'சரசு கடைசி' என்றே பெயர் வைத்தேன். மூன்று நாள் கழித்து, நீ ஊருக்கு வருவதற்கு முந்தின நாள், உச்சி வெயிலில் மூச்சிரைக்க ஓடி வந்தாள். வேலூருக்குப் போய் அண்ணன் வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவரும் இறங்கி வந்துவிட்டார். 'எங்கண்ணன் பேர மேல போடுங்க, எல்லாருக்கும் மேல போடுங்க' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அங்கேயே உட்கார வைத்து, பெயரைச் சேர்த்து, படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். அந்த ஃபைலுக்கு அவசரத்தில் 'சரசு 3' என்று பெயர் போட்டு வலது ஓரத்தில் வைத்தேன். என் வேலை முடிந்தது. அது வலது ஓரத்தில் இருக்கிறது, இனி தப்பாது என்று நிம்மதியாக உன் நிச்சய வேலையைப் பார்க்கப் போனேன்.

மிச்சத்தை நீயே ஊகித்திருப்பாய். அந்த வாரம் கையில் பதினோரு பத்திரிகை. ஃபோல்டரைத் திறந்தால் 'சரசு', 'சரசு 3', 'சரசு கடைசி', 'சரசு புது' என்று நான்கு நின்றன. எது அச்சுக்கு? கடைசி என்று போட்டிருப்பதுதானே கடைசி? அதை எடுத்து உங்கப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அறுநூறு பத்திரிகை. அக்கா வீட்டில் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் காலடியில் வைத்துவிட்டு, அடுத்ததை நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து, தாய்மாமன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். அவர் நின்றபடியே பிரித்துப் படித்திருக்கிறார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். மறுபடி மடித்துத் தட்டிலேயே வைத்துவிட்டு, 'பத்திரிக நல்லா இருக்குது' என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போய்விட்டாராம். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் எடுத்துப் படித்திருக்கிறாள்.

மறுநாள் கடையில் வந்து நின்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். 'ஏனுங்க, நா உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணேன்? மூணு வருசங்கழிச்சு எங்கண்ணன் எம்பட மொகத்தப் பாத்துச்சு. வேணும்னே ரண்டு தினுசா அடிச்சு, அவருக்கு மட்டும் பேரில்லாதத குடுத்தன்னு நெனைச்சுருச்சுங்க' என்றாள். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். இதைச் சொல்லாமல் உன்னைத் திட்டினால் நியாயமில்லை. 'இவருதானுங்க பிளேட்ட மாத்திப் போட்டுட்டாரு' என்று உங்கப்பாவைக் காட்டிவிட்டேன். என் பிள்ளை கம்ப்யூட்டரை மாற்றிவிட்டான் என்று சொல்ல வாய் வரவில்லை, நான் ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. அந்த மனுஷன் கையில் மையோடு நின்று, 'ஆமாங்க, எம்பட தப்புதானுங்க' என்றார். முப்பது வருஷம் மெஷின் ஓட்டி ஒரு பிளேட் மாற்றிப் போடாத ஆள். சொல்லிவிட்டு அந்தப் பிளேட்டைக் கழற்றப் போய்விட்டார். 

சாயங்காலத்துக்குள் புதிதாக அறுநூறும் அடித்து, அக்காவோடு நானே பஸ் ஏறி வேலூருக்குப் போனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். 'நீங்க எதுக்குங்க சங்கடப்படறீங்க, பிரஸ்ஸுல தப்பு நடக்கறதுதானுங்க' என்றார். ஆனால் அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. புதுப் பத்திரிகையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தார். மாமன் சீரில் குறை வைக்கவில்லை. தாலி கட்டியதும் மண்டபத்தில் கை நனைக்காமல் போய்விட்டார். பந்தியில் அவருக்கு என்று போட்ட இலையை அக்கா மடிக்க விடாமல் ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள். நான் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். 

நீ கேட்பாய், நீ படித்துப் பார்த்திருக்க வேண்டியதுதானேம்மா, இதில் நான் என்ன செய்தேன் என்று. நான் படித்திருக்க வேண்டும்தான். என் தப்பை என் தலையிலேயே வைத்துக்கொள்கிறேன், உன்மேல் சுமத்தவில்லை. நான் கோபப்படுவது வேறு. நான் வேலை செய்கிற இடத்தை, என்னைக் கேட்காமல், நான் இல்லாதபோது, எனக்கு நல்லது என்று நீயே முடிவு செய்து மாற்றினாயே, அதற்கு. மாற்றிவிட்டு, பழகிக்கொள் என்றாயே, அதற்கு. உன் ஆபீஸில் உன் மேஜையை இப்படி யாராவது மாற்றினால் நீ சும்மா இருப்பாயா? நாலு பேருக்கு மெயில் போட்டு நாறடிக்க மாட்டாயா?

நானும் யோக்கியமில்லை. நீ பத்தாவது படிக்கும்போது எதிர்வீட்டு வாத்தியாரின் கெட்டுப்போன ரேடியோவை வாங்கி வந்து, கட்டிலுக்கு அடியில் பேப்பர் விரித்துப் பிரித்துப் போட்டிருந்தாய். ஒவ்வொரு திருகையும் அது எந்த இடத்திலிருந்து வந்ததோ அதற்கு நேராக அந்தப் பேப்பரின் மேல் வைத்திருந்தாய். நாலு நாள் பார்த்தேன். போகிக்கு வீடு கழுவும்போது அத்தனையையும் கூட்டி ஒரு பிஸ்கெட் டப்பாவில் கொட்டி மூடி வைத்தேன். ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று டப்பாவை உன்னிடம் நீட்டினேன். நீ டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, 'எடம் மாறிப்போச்சேம்மா, இனி எது எங்கன்னு எப்பிடித் தெரியும்?' என்று தேம்பித் தேம்பி அழுதாய். 'ஊடு சுத்தமா இருக்கணுமில்ல, நல்லதுக்குத்தான் பண்ணேன்' என்றேன். ஏழெட்டு நாள் என்னோடு பேசவில்லை. வாத்தியாருக்கு ரேடியோ திரும்பப் போகவே இல்லை. அவரைத் தெருவில் பார்த்தால் நீ சந்துக்குள் ஓடிவிடுவாய். நான் உன்னிடம் தப்பு என்று ஒப்புக்கொண்டதே இல்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன், அது தப்பு. எதையும் தொலைக்காமலேயே எல்லாவற்றையும் கெடுக்க முடியும் என்பது அன்றைக்கே உனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் நீ எனக்குச் செய்தாய்.

சரசு அக்கா வீட்டுக் கல்யாணம் முடிந்த அடுத்த சனிக்கிழமை, உங்கள் பத்திரிகைப் புரூஃபைப் பார்க்க நந்தினி வாழப்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணைப் பற்றி உனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது, பார். நான் ஃபோல்டருக்குள் அவள் பெயரைத் தேடித் தடுமாறுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். 'அத்தை, இது நீங்களா கேட்டு வச்சதா?' என்றாள். நம் பக்கத்து 'ங்க' அவள் பேச்சில் அவ்வளவாக இல்லை, ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த மரியாதை எனக்கு எட்டியது. 'உம்பட மாப்பிள்ள பண்ண வேலதான்' என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். ஒரு தரம் வெளியே போய்விட்டு வரலாம் என்று கம்ப்யூட்டரில் லாக் அவுட் செய்தாள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற, நீ மறைத்து வைத்திருந்த அந்த வாசல் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. பெயரைத் தொட்டால் கீழே ஓரத்தில் சின்னதாக ஒரு பல்சக்கரம். 'இதை அழுத்தினா இதுல இருக்கிற டெஸ்க்டாப் எல்லாம் வரும் அத்தை. எது வேணுமோ அதுல போகலாம். பழசும் இங்கதான் இருக்கு, எதையும் அழிக்கல' என்றாள்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை உன்னால் நினைத்துப் பார்க்க முடியாது. என் பழைய இடம் இரண்டு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. ஒரு சொடுக்கு தூரம். நீ பாஸ்வேர்டு அடிக்கிற சிரமத்தை எனக்குக் குறைத்தாயே, அதனால் அந்த வாசல் என் கண்ணிலேயே படவில்லை. எடுத்துவிட்டிருந்தால்கூட விதியே என்று இருந்திருப்பேன். இருப்பதைச் சொல்லாமல் விட்டாய் பார், அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

உடனே பழசுக்குப் போகலாம் என்றேன். 'போகலாம் அத்தை. அதுக்கு முன்னாடி மத்ததையும் ஒரு தடவை பாத்துருங்க. பாக்காம வேண்டாம்னு சொன்னா அதுவும் சரியா வராது' என்றாள். பிறகு, 'உங்களுக்கு எப்படி இருந்தா சௌகரியம்?' என்று கேட்டாள்.  யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் தயாராக இருக்காது. கொஞ்சம் யோசித்து மூன்று சொன்னேன். ஃபைலை நான் வைத்த இடத்தில் வைத்தபடி நிற்க வேண்டும். உங்கப்பாவுக்கு வாசலிலிருந்து தெரிய வேண்டும். பெட்டி மூச்சு வாங்கக்கூடாது. அவள் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டாள். அந்தத் தாளை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

மத்தியானம் முழுக்க அதே வேலைதான், உங்கள் புரூஃபைக் கையில் எடுக்கவே இல்லை. கேடிஇ என்று ஒன்று போட்டுக் காட்டினாள். அதில் மாற்ற முடியாத பொருளே இல்லை. ஆசைப்பட்டு நிறத்தை மாற்றி, பட்டையை மாற்றி, கடிகாரத்தை மாற்றி, கடைசியில் மெனுவை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஜவுளிக்கடையில் எல்லாச் சேலையையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு எதையும் எடுக்காமல் வருகிற ஆள் நான், எனக்கு அது ஆகாது. சினமன் என்று இன்னொன்று நன்றாக இருந்தது, பார்த்த முகமாக இருந்தது; ஆனால் நம் பழைய பெட்டியில் இரண்டு வேலையைத் திறந்ததும் விசிறி இரைய ஆரம்பித்தது. மேட் என்று ஒன்று, எளிசாகத்தான் இருந்தது, அதிலேயே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நீ வைத்துவிட்டுப் போன க்னோமைக்கூட மறுபடி திறந்து, அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். அது மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் வேலை பார்க்கிற பாலிடெக்னிக் லேபில் எல்லாம் அதில்தானாம். 'எனக்கு மேஜை மேல ஒண்ணும் இருக்கக்கூடாது அத்தை, அதனால எனக்கு இது சரி. உங்க வேலையே மேஜை மேலதான இருக்கு' என்றாள். இந்த ஒரு வாக்கியத்தை நீ சொல்லியிருந்தால் போதும், இந்தக் கடிதமே இருந்திருக்காது.

கடைசியாகப் பழசைத் திறந்தோம். எக்ஸ்எஃப்சிஇ. இப்போது வாயில் நன்றாக நுழைகிறது. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. இடது ஓரத்தில் வந்த வேலை. நடுவில் புரூஃப். வலது ஓரத்தில் மேலிருந்து மூன்றாவதாக 'சரசு 3'. நான் வைத்த இடத்திலேயே, அச்சுக்குக் காத்துக்கொண்டு இருந்தது. நான் அழுதுவிட்டேன். நந்தினிக்கு விஷயம் தெரியாது, பயந்துவிட்டாள். உங்கப்பா மெஷின் ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். 'வந்துருச்சா' என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அதற்கு அப்புறம்தான் உண்மையான விஷயம். டீ குடிக்கும்போது அவள் சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள். 'பெங்களூர்ல ஒரு கம்பெனிக்கு என் பேர்ல அவரே அப்ளை பண்ணிட்டாரு அத்தை. அடுத்த மாசம் இன்டர்வியூவாம்.'

'உனக்கு இஷ்டமா சாமி?' என்றேன்.

'தெரியல அத்தை. எனக்கு எங்க பாலிடெக்னிக் லேப் ரொம்பப் பிடிக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் லீவு தருவாங்களா, இல்ல வேற ஏதாவது வழி இருக்கான்னு பிரின்சிபால்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவரு அப்ளை பண்ணிட்டாரு.'

'அவங்கிட்டச் சொல்றதுதான?'

'நல்லதுக்குத்தான் பண்ணேன்னு சொன்னாரு. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல.'

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தத் திங்கட்கிழமை உன்னோடு பேசிப் போனை வைத்துவிட்டு நானும் இப்படித்தான் சிரித்தேன். டீ டம்ளரை நான் வைத்த வேகத்தில் மேஜையெல்லாம் சிந்திவிட்டது. அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். 'உடு, பையன் நல்லது நெனச்சுத்தான பண்ணிருக்கறான்' என்றார். அவர் என் பழியைத் தலையில் வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றவர், அவருக்கு எல்லாமே பரவாயில்லை. எனக்குப் பரவாயில்லை என்று இருக்கப் பிடிக்கவில்லை. அவளும் பழகிக்கொள்வாள், ஒரு வாரத்தில் இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில். பெண்கள் எதற்குத்தான் பழகிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு நாள் எங்கேயோ ஒரு தப்பு நடக்கும், அது அவள் தப்பாக இருக்கும். நீ நல்லவனாகவே இருப்பாய்.

நீ கெட்டவன் இல்லை சாமி. அது எனக்குத் தெரியும். கெட்டவனாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். உனக்கு எது நல்லது என்று தெரிகிறது, ரொம்ப வேகமாகத் தெரிகிறது. எதிரே இருப்பவரைக் கேட்கிற அளவுக்குக்கூடப் பொறுமை இல்லாத வேகம். உன் சம்பளம் ஏறியபோது அந்தப் பொறுமை எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. ஸ்டூல் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, மெனு எங்கே வேணும்மா என்று கேட்ட பையனுக்குத்தான் நான் பெண் பார்த்தேன்.

அதனால் கேட்டுக்கொள். உன் பத்திரிகை இப்போது என் திரையில் இடது ஓரத்தில் இருக்கிறது. நடுவுக்குக்கூட வரவில்லை. மண்டபம் பேசியாகிவிட்டது, முகூர்த்தக்கால் நட நாள் பார்த்தாகிவிட்டது, தெரியும். வாழப்பாடிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்கப்பா புலம்புகிறார், அதுவும் தெரியும். நீ இந்த வாரமே ஊருக்கு வந்து, நந்தினியை நேரில் பார்த்து, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் வாயைத் திறக்காதே. அவள் சொல்கிற பதிலில் பெங்களூர் இருந்தாலும் சரி, வாழப்பாடி இருந்தாலும் சரி. அதன் பிறகு அவள் இங்கே கடைக்கு வந்து, புரூஃபை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, 'சரி அத்தை, அடிக்கலாம்' என்று அவள் வாயால் சொல்லட்டும். அந்த நிமிஷமே அதைப் பிடித்து வலது ஓரத்துக்கு இழுப்பேன். உங்கப்பா வாசலில் நின்று பார்த்தால் போதும், அரை மணியில் பிளேட் போட்டுவிடுவார். இந்தக் கடிதத்தின் மேலே விட்ட ஒரு வரி இடத்தில் 'அன்புள்ள' என்று அன்றைக்கு நானே என் கையால் எழுதித் தருகிறேன்.

நடுவில் ஒரு நாள் நீயே வந்து, சாவி வாங்கி, பத்திரிகையை நகர்த்திவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்காதே. ஆன் செய்தால் நேராக உள்ளே போகாது. பாஸ்வேர்டு கேட்கும். அதை நந்தினி வைத்துக் கொடுத்தாள், பிறகு நான் மாற்றிவிட்டேன்.

அம்மா